ஒன்று விட்டு

ஆறடிக்கு ஆறடி தேக்கு வைத்தது
என் அவசரம்.
களக்காட்டுக்கு மேற்கே அறுபது சென்ட்,
சேமநிதியில் கடன் போட்டு வாங்கியது.
பன்னிரண்டு வருஷமாக வெயிலுக்கு அடித்துக்கொண்டு
எழுநூறும் நெட்டையாய்ப் போனதே தவிர
பெரும்பாலும் தடிக்கவில்லை.
ஆனிக் காற்றில் ஒன்றோடொன்று உரசி
இராத்திரி முழுக்கப் பல்லைக் கடிக்கும்.

கழிக்க வேண்டும் என்றதும்
கொம்பையாவைச் சொன்னார்கள்.
இவருக்கு ஒன்றுவிட்ட தம்பி.
வள்ளியூர் மில்லுக்கு மரம் ஏற்றுகிற கான்ட்ராக்டர்.

பைக்கை ஓடைக்கரையில் நிறுத்திவிட்டு நுழைந்தவர்
மெலிந்ததை ஒன்றையும் பார்க்கவில்லை.
தடித்ததாகத் தேடித் தேடி
உள்ளங்கையால் தட்டினார்,
மாட்டுத்தாவணியில் முதுகில் தட்டுவதுபோல.

"மதினி, இதுல ஒரு நூறு குடுங்க.
சோப்ளாங்கியெல்லாம் நிக்கட்டும்,
தானா தடிச்சிரும்."

"தடித்தது நிற்கட்டும், மற்றதை எடுங்க."

"அத எடுத்து நான் என்ன செய்ய?
சாரம் கட்டக்கூட ஆவாது, வளைஞ்சிருக்கு."

கம்புக்கு முப்பதில் ஆரம்பித்து
ஐம்பத்தைந்தில் நின்றோம்.
வெட்டுக்கூலி அவர் பாடு.
வேலி உடைந்தால் அவர் பாடு.
வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடப்பது என் பாடு.
தாளில் எழுதி நீட்டினேன்.
"சொந்தத்துக்குள்ள பத்திரமா?" என்று சிரித்தார்.
கையெழுத்து மட்டும் சிரிக்காமல் போட்டார்.

தையில் இலை முழுக்க உதிர்ந்தபின்
வெள்ளைப் பெயின்ட்டோடு இறங்கினேன்.
ஒன்று விட்டு ஒன்று.
காகிதத்தில் எளிது.
இங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நல்லது,
அங்கே வரிசையாக நாலு கோணல்.
ஒரு மரத்தில் பூசிவிட்டு
நாலடி போய்த் திரும்பி வந்து
முந்தானையால் துடைத்தேன்.
துடைத்தாலும் தெரிந்தது.
அந்தத் தாட்சண்யத்துக்கு
அடுத்த மரம் போனது.
முந்நூற்று நாற்பத்தொன்று.
நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

மூன்று நாள் வெட்டு.
எனக்கு இரண்டு நாள்தான் லீவு.
மூன்றாம் நாள் டிராக்டர் போனபின்
டார்ச் அடித்து அடிக்கட்டைகளை எண்ணினேன்.
முந்நூற்று நாற்பத்தேழு.
ஆறு கூடுதல்.
ஆனால் கிணற்று மூலையில்
வெள்ளைப் பூச்சோடு ஒன்று இன்னும் நின்றது.
அப்படியென்றால் ஏழு.

போனில் கொம்பையா குரல் குளிர்ந்திருந்தது.
"ஒரு மரம் விழும்போது இன்னொண்ண இழுத்துக்கிட்டுத்தான் விழும்.
அது மரத்துக் குணம்லா?"
"ஓடைப் பக்கம் லாரி வருகிற இடத்து மரம் மட்டும்
இழுத்துக்கொண்டு விழுமா?
ரம்பம் ஓடின தடம்
தோசைக்கல் மாதிரி இருக்கிறதே?"
இவர் உள்ளே டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

ஆறுக்குத் தொள்ளாயிரம் வீதம் ஒத்துக்கொண்டார்.
ஏழாவதுக்கு அசையவில்லை.
"அதுல வெள்ளை இருந்துச்சே, மதினி."

நான் துடைத்த மரம்.
என்ன சொல்ல?

வெட்டாமல் விட்டதைக் கேட்டேன்.
கம்பு சுமக்க வந்த மாடத்தி
பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருந்தாளாம்.
ரம்பக்காரன் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.
யாரும் சொல்லவில்லை,
அவனும் யாரிடமும் கேட்கவில்லை.
பட்டையில் கயிறு அறுத்த கோடு இருக்கிறது,
பெயின்ட்டுக்கு ஒரு சாண் மேலே.

வைகாசி மழைக்கு அப்புறம் போனேன்.
நின்றதெல்லாம் இனி தடிக்கும், தெரிகிறது.
ஆனால் வெட்டின கட்டைகளிலும் ஒன்று விடாமல்
துளிர் வந்திருந்தது,
கட்டைக்கு நாலு, ஐந்து,
ஒவ்வொரு இலையும் முறம் அகலத்தில்.
ஒரு கொழுந்தைக் கசக்கினேன்.
உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.
அந்தக் கையோடே போனை எடுத்தேன்.

"துளிர் ஒடிக்கதுக்கு
ரேட்டு வேற, மதினி."